வெங்கர் போகிறார், சரி. அந்த ஒரு பவுண்டை வைத்தது யார்?

உப்பளம்_14
21 ஏப்ரல் 2018, காலை 7.40

நேற்று மதியம், இந்த சீசனோடு மேனேஜர் வெங்கர் விலகுகிறார் என்று லண்டன் கால்பந்து கிளப் ஆர்சனல் அறிவித்து அரை மணி நேரம் ஆகியிருக்காது. நம்ம கடலூர் ஓ.டி. (ஓல்ட் டவுன்) கன்னர் தம்பி தீர்ப்பே எழுதிவிட்டார்: "கிளப்பைக் கெடுத்தது இந்தக் கிழவர்தான். 2013-ல் லிவர்பூல் சுவாரஸுக்கு நாலு கோடியே ஒரு பவுண்டு என்று விலை கேட்டு உலகத்தையே சிரிக்க வைத்த கஞ்சன். விட்டது சனி." அதற்கு எத்தனை கைதட்டல்! வயிறு எரிகிறது.

தம்பி, 1996 அக்டோபரில் ஜப்பானிலிருந்து வந்து இறங்கினார். அதற்குப் பிறகு மூன்று லீக், ஏழு எஃப்.ஏ. கோப்பை. 2003-04-ல் 38 ஆட்டத்தில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. பாரிஸில் யாரும் கண்டுகொள்ளாத அனெல்காவை ஐந்து லட்சம் பவுண்டுக்கு வாங்கி, இரண்டே வருடத்தில் ரியல் மாட்ரிட்டுக்கு இரண்டு கோடிக்கு மேல் விற்றார். அதே கோடையில் ஆன்ரியைக் கொண்டுவந்தார். இப்படி வாங்கி விற்றவரா கஞ்சன்? நாலு கோடிக்கு மேல் கேட்டால் விட வேண்டும் என்று சுவாரஸ் ஒப்பந்தத்தில் ஷரத்து இருக்கிறது என்று நம்பி வைத்த அந்த ஒரு பவுண்டு வெங்கர் வைத்தது இல்லை. நிர்வாகம் வைத்தது.

ஓ.டி. கன்னர்
காலை 8.15

வாங்க அண்ணே. 1998-க்கும் 2004-க்கும் நடுவில் வாழ்கிறவர்கள் தயவுசெய்து காலண்டரைக் கிழிக்கவும். இந்த 2018 பிறந்ததிலிருந்து லீக்கில் வெளியூர் போய் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. போர்ன்மவுத், சுவான்சி, ஸ்பர்ஸ், பிரைட்டன், போன வாரம் நியூகாசில். எல்லா இடத்திலும் உதை. அதுவும் நிர்வாகம் போட்ட ஃபார்மேஷனா?

அப்புறம் அந்த ஒரு பவுண்டு. ஆட்களை வாங்குவதில் கடைசி வார்த்தை வெங்கருடையது என்று இருபது வருடம் நீங்கள்தான் பெருமை பேசினீர்கள். வந்தால் வெங்கர் வாங்கினார், வராவிட்டால் நிர்வாகம் கோட்டைவிட்டதா? நல்லா இருக்கு நியாயம்.

சில்வர்பீச் கோப்
காலை 8.31

உள்ளே வரலாமா? அந்த ஒரு பவுண்டுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன். உங்கள் எமிரேட்ஸ் மைதானத்தில் என்னத்தைப் புகைக்கிறார்கள் என்று எங்கள் லிவர்பூல் ஓனர் ஜான் ஹென்றி ட்விட்டரில் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? அந்த சீசனில் சுவாரஸ் எங்களுக்கு லீக்கில் 31 கோல் அடித்தான். செவ்வாய்க்கிழமை நாங்கள் ரோமாவோடு சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. நீங்கள் வியாழக்கிழமைதானே, அடுத்த தட்டுக் கோப்பையில்? அது என்ன லீக் அது?

உப்பளம்_14
காலை 9.05

கோப் சார், 31 கோல் அடித்தும் 2014-ல் உங்க கேப்டன் ஜெரார்டு வழுக்கி விழுந்ததில் கோப்பை எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. ஊர் மரியாதை.

அதே ஜான் ஹென்றி 2014-ல் பாஸ்டனில் ஒரு கருத்தரங்கில் உட்கார்ந்து என்ன சொன்னார்? நாலு கோடி பவுண்டு ஷரத்து இருந்தது, ஆனால் விற்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டோம் என்றார். ஆக ஷரத்து இருந்தது! நாலு கோடிக்கு மேல் என்றால் நாலு கோடியே ஒன்றும் மேல்தான். கணக்கில் தப்பில்லை. அதைப் பிடித்து இழுத்து ஆளைக் கொண்டுவரத் தெம்பு இல்லாததுதான் தப்பு. அது யார் வேலை? தலைமை நிர்வாகி கஸீடிஸ் வேலை. பேச்சுவார்த்தைக்குப் போன டிக் லா வேலை. வெங்கர் டச்லைனில் நிற்பாரா, வக்கீல் நோட்டீஸ் எழுதுவாரா?

பழைய துணைத் தலைவர் டேவிட் டீன் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா? வெங்கரைக் கொண்டுவந்தவரே அவர்தான். 2007 ஏப்ரலில் போர்டில் சண்டை வந்து அவர் வெளியே போனார். அவர் போன பிறகு ஒரு லீக் உண்டா சொல்லு. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று எல்லாவற்றையும் வெங்கர் தலையில் கட்டுகிறீர்கள்.

ஓ.டி. கன்னர்
காலை 9.20

2007-க்கு முன்னாடி 2005, 2006, 2007 மூன்று வருடமும் லீக் இல்லை அண்ணே. டீன் அப்போது உள்ளேதான் இருந்தார். சரி, அதை விடுங்கள்.

எங்க துறைமுகத்துக்கு விடியற்காலையில் ஒருநாள் வாருங்கள். வஞ்சிரம் கூடை இறங்கியதும் ஏலம் கூறுகிற அக்கா நாலாயிரம் என்பாங்க. எவனாவது "நாலாயிரத்து ஒண்ணு" என்று சொல்லிப் பார்க்கட்டும். மீனும் கிடையாது, அடுத்த நாள் கூடைப் பக்கம் நிற்கவும் முடியாது. ஸ்ட்ராஸ்பூர்க்கில் எக்கனாமிக்ஸ் படித்த மனுஷனுக்கு இது தெரியாதா? ஒரு. பவுண்டு.

வில்லியனூர் ஆடிட்டர்
காலை 10.02

இரண்டு பேரும் ஒரு நிமிஷம். நிர்வாகம், நிர்வாகம் என்கிறீர்களே, யாரைச் சொல்கிறீர்கள்? பங்கு வைத்திருக்கும் குரோன்கியா, போர்டா, சம்பளத்துக்கு இருக்கும் கஸீடிஸா? மூன்றும் மூன்று விஷயம்.

எமிரேட்ஸ் கட்டியது சுமார் 39 கோடி பவுண்டில். 2006-ல் குடிபோனார்கள். பழைய மைதானம் ஹைபரியில் 38,000 பேர் உட்கார்ந்த இடத்தில் 60,000 பேர். அந்தக் கடன் கழுத்தில் இருக்கும்போது வெங்கர் வருடா வருடம் லீக்கில் முதல் நால்வருக்குள் நின்று சாம்பியன்ஸ் லீக் இடம் பிடித்தார். அந்தப் பணம் இல்லையென்றால் கடன் கட்டுவது கஷ்டமாகியிருக்கும். குரோன்கி 2011-ல் பெரும்பான்மைப் பங்கை வாங்கினார். பிறகு கிளப்பில் சொந்தக் காசு போட்டாரா? ஆலோசனைக் கட்டணம் என்று அவர் கம்பெனி ஆர்சனலிடமிருந்தே 30 லட்சம் பவுண்டு வாங்கியது. 2014-ல் ஒரு முறை, 2015-ல் இன்னொரு முறை. எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர், 2016-ல் டெக்சாஸில் ஐந்து லட்சம் ஏக்கருக்கு மேல் மாட்டுப் பண்ணை வாங்கினார். பேச வேண்டியது இதைத்தான்.

ஓ.டி. கன்னர்
காலை 10.09

எல்லாம் சரி ஆடிட்டர் சார். ஒரு பவுண்டு?

நெல்லித்தோப்பு டெவில்
காலை 10.40

வெங்கர் நல்ல மனுஷர்ப்பா. 2012-ல் எங்கள் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வான் பெர்சியைக் கொடுத்தார், 26 கோல், லீக் பட்டம். அதற்கு முந்தைய வருடம் எங்களிடம் 8-2 தோல்வி. இப்படிக் கொடுத்துச் சிவந்த கையை இனி எங்கே பார்க்கப்போகிறோம்? இன்று இரவு ஸ்பர்ஸோடு எங்களுக்கு எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி, யாராவது வீட்டில் ஸ்கிரீன் போடுகிறீர்களா?

உப்பளம்_14
காலை 11.15

நெல்லித்தோப்பு, உனக்கு ஸ்கிரீன் கிடையாது.

ஆடிட்டர் சொன்னதைத்தானே நானும் சொல்கிறேன். வான் பெர்சியின் ஒப்பந்தத்தைக் கடைசி வருடம் வரை இழுக்கவிட்டது யார்? சான்செஸை இந்த ஜனவரி வரை இழுத்து, யுனைடெட்டின் மிகிதாரியனுக்கு மாற்றிக்கொண்டது யார்? இரண்டுக்கும் நடுவில் ஆறு வருடம் போயிருக்கிறது, ஒன்றுமே கற்றுக்கொள்ளவில்லை. இப்போதுதான் பார்சலோனாவிலிருந்து சான்யெஹியையும் டோர்ட்மண்டிலிருந்து மிஸ்லின்டாட்டையும் பெரிய பதவிக்குக் கொண்டுவந்திருக்கிறார் கஸீடிஸ். அந்த நாற்காலிகளை 2013-ல் போட்டிருந்தால் அந்த ஒரு பவுண்டு வந்திருக்குமா? அத்தனை பேர் வேலையையும் ஒற்றை ஆளாகச் சுமந்தவரைப் பார்த்துக் கஞ்சன் என்கிறான்.

எங்க சித்தப்பா பாரிஸ் பக்கம் சார்செலில் இருக்கிறார். பிரான்ஸ் ஜெயித்த 1998 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை அங்கே தெருவில் நின்று பார்த்தவர். மூன்றாவது கோலுக்கு வியேரா பந்தைத் தள்ள, பெட்டி அடித்தார். இரண்டு பேரும் வெங்கர் பிள்ளைகள். அந்த பிரான்ஸ் ஜெர்சி இன்னும் என் பீரோவில் இருக்கிறது, கழுத்துப் பட்டி மட்டும் நைந்து நூல் தொங்குகிறது. எங்க பாண்டிச்சேரிக்காரர்களுக்குப் பிரெஞ்சுக்காரர் வெங்கர் யார் என்று ஓ.டி.க்காரனுக்கு எங்கே புரியும்?

ஓ.டி. கன்னர்
காலை 11.28

வந்துவிட்டது பாருங்கள் உண்மை. சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்த) குடும்பத்துப் பாசம்! பிரெஞ்சு தேசிய நாள் ஜூலை 14-க்கு கடற்கரையில் கொடி பிடிக்கிற ஆட்களிடம் கால்பந்து பேசினால் இப்படித்தான். வெங்கர் ஸ்காட்லாந்துக்காரராகப் பிறந்திருந்தால் 2008-லேயே நீங்கள் துரத்தியிருப்பீர்கள்.

உப்பளம்_14
காலை 11.31

ஆமாம், பாசம்தான். உங்க கடலூர் தேவனாம்பட்டினத்தில் இங்கிலீஷ்காரன் கோட்டை வைத்திருந்தானே, 1758-ல் எங்க பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து பிடித்தது தெரியுமா உனக்கு?

ஓ.டி. கன்னர்
காலை 11.34

1761-ல் இங்கிலீஷ் தளபதி கூட் வந்து பாண்டிச்சேரியை என்ன செய்தான், அதையும் சொல்லுங்கள். உங்க லாலியின் தலையைப் பாரிஸில் யார் வெட்டினார்கள், அதையும் சொல்லுங்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு மேனேஜரை வழியனுப்பும் முறையே தனி.

சில்வர்பீச் கோப்
காலை 11.36

😂😂 இது எந்த லீக்?

லாஸ்பேட்டை லெஃப்ட் பேக்
மதியம் 12.10

அண்ணன்மார்களே, அடுத்து யார் வருவார்கள்? இருக்கிற டிஃபென்ஸை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? அதைப் பற்றிப் பேசலாமே.

உப்பளம்_14
மதியம் 1.45

சாப்பிட்டுவிட்டு வந்தேன். பழைய பதிவுகளைத் தேடினேன். இதே இடத்தில், 24 ஜூலை 2013, ஓ.டி. கன்னர் தன் கையால் எழுதியது: "மாஸ்டர் ஸ்ட்ரோக்! ஒரு பவுண்டு அதிகம் வைத்தார் பாருங்க, அங்கேதான் நிற்கிறார் வெங்கர். சட்டப்படி லிவர்பூல் விட்டே ஆகணும். சுவாரஸ் வராவிட்டால் குழுவில் எல்லாருக்கும் பரோட்டா, சால்னா என் செலவு."

பரோட்டா எங்கே தம்பி?

நெல்லித்தோப்பு டெவில்
மதியம் 1.47

அய்யோ. நான் அந்தக் குழுவில் இருந்தேன். எனக்கும் வரவில்லை.

ஓ.டி. கன்னர்
மதியம் 2.20

அது நக்கல். நக்கலாக எழுதியதைச் சாட்சியாகக் காட்டுகிறார் பெரிய மனிதர். படிக்கிற எவனுக்கும் அது கிண்டல் என்று தெரியும்.

உப்பளம்_14
மதியம் 2.26

நக்கலா? கீழே 11 ஆச்சரியக்குறி போட்டிருக்கிறாய். எண்ணிவிட்டேன்.

ஓ.டி. கன்னர்
மதியம் 2.33

சரி, அந்தப் பதிவிலும் நான் என்ன எழுதியிருக்கிறேன்? "வெங்கர் வைத்தார்" என்றுதானே? அன்றைக்கே சொல்லியிருக்கிறேன், அந்த ஒரு பவுண்டு வெங்கருடையது என்று. நன்றி அண்ணே, நீங்களே ஆதாரம் எடுத்துக் கொடுத்தீர்கள்.

வில்லியனூர் ஆடிட்டர்
மதியம் 2.50

போன வருடம் ஐந்தாம் இடத்துக்குப் போன மேனேஜருக்கு மே மாதக் கடைசியில் இரண்டு வருட ஒப்பந்தம் கொடுத்தார்கள். ஒரு வருடம் மிச்சம் இருக்கும்போது இப்போது அனுப்புகிறார்கள். அன்று கொடுத்தது தப்பா, இன்று அனுப்புவது தப்பா? இரண்டையும் செய்தது ஒரே போர்டு. இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

ஓ.டி. கன்னர்
மதியம் 2.52

கொடுத்ததுதான் தப்பு.

உப்பளம்_14
மதியம் 3.10

கொடுத்ததற்கு நாலு நாள் முன்னாடி வெம்பிளியில் செல்சியை அடித்து எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கினார். அன்று இரவு உன் புரொஃபைல் படம் என்ன? வெங்கர் கோப்பையோடு நிற்கும் படம். அதுவும் நக்கலா?

ஆடிட்டர், உங்கள் கேள்விக்கு வருகிறேன். போர்டுக்கு வெங்கர் ஒரு குடை. மழை பெய்தால் பிடித்துக்கொள்வார்கள். ரசிகர்கள் டிக்கெட் விலையைப் பற்றிக் கத்தினால் வெங்கர் பதில் சொல்வார், ஆள் வாங்காவிட்டாலும் அவரே பதில் சொல்வார், குரோன்கி வாயே திறக்க மாட்டார். 'சைலண்ட் ஸ்டான்' என்று சும்மாவா கூப்பிடுகிறார்கள்? இந்த சீசனில் காலி நாற்காலிகள் தெரிய ஆரம்பித்ததும்தான் அவர்களுக்கு உறைத்தது. நாளைக்குப் புதிதாக ஒருவர் வருவார், அதே கஸீடிஸ், அதே குரோன்கி. இன்னும் மூன்று வருடத்தில் இதே தம்பி அந்தப் புது ஆளையும் சனி என்பார். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஓ.டி. கன்னர்
மதியம் 3.18

இவ்வளவு நீளமாக எழுதினீர்கள், ஒரு பவுண்டு பற்றி ஒரு வரி இல்லை. தப்பிக்கிறீர்கள்.

உப்பளம்_14
மதியம் 3.21

ஷரத்து! இருந்தது! ஜான் ஹென்றியே சொன்னார்!

சில்வர்பீச் கோப்
மதியம் 3.24

விற்கவில்லை என்பதையும் அவரேதான் சொன்னார். 😌

லாஸ்பேட்டை லெஃப்ட் பேக்
மாலை 5.00

நாளை மாலை 6 மணிக்கு வெஸ்ட் ஹாம் ஆட்டம். அறிவிப்புக்குப் பிறகு வெங்கரின் முதல் ஆட்டம், எமிரேட்ஸில். எங்கே சேர்கிறோம்?

உப்பளம்_14
மாலை 5.12

என் வீட்டு மாடியில். புரொஜெக்டர் சரி பண்ணிவிட்டேன். எல்லாரும் வரலாம். ஓ.டி. வந்தால் பரோட்டாவோடு வரட்டும், இல்லையென்றால் கதவு திறக்காது.

ஓ.டி. கன்னர்
மாலை 5.15

கடலூரிலிருந்து பஸ் பிடித்து வந்து உங்கள் கொசுக்கடியில் உட்கார எனக்கு என்ன தலையெழுத்து? 2017 இறுதி ஆட்டத்துக்கு வாடகை நாற்காலிக்கு என்று என்னிடம் வாங்கிய முன்னூறு ரூபாய்க்கு முதலில் கணக்குச் சொல்லுங்கள்.

உப்பளம்_14
மாலை 5.16

எந்த முன்னூறு?

நெல்லித்தோப்பு டெவில்
மாலை 5.19

என்னிடமும் வாங்கினீர்களே அண்ணே. நான் யுனைடெட்காரன், சும்மா பார்க்க வந்தேன், என்னிடமும் வாங்கினீர்கள்.

உப்பளம்_14
மாலை 5.30

ஆடிட்டர் சார், அன்றைக்கு நாற்காலி வாடகை எவ்வளவு ஆனது என்று நீங்கள்தானே எழுதி வைத்தீர்கள். கொஞ்சம் வந்து சொல்லுங்கள்.