ஸ்பூலுக்கும் "வரிசை"தானா? "தார்" என்று வைக்கலாமுங்களா?

அன்பர்களுக்கு வணக்கமுங்க.

லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ் பற்றிய உதவிக் குறிப்பைத் தமிழில் எழுதியபோது க்யூ (வேலைகள் காத்திருக்கும் முறை), ஸ்பூல் (அச்சுக்கு அனுப்பிய கோப்புகள் சேர்ந்து கிடக்கும் இடம்) இரண்டுக்கும் "வரிசை" என்றே போட்டுவிட்டேன். யாரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. போன வாரம் வகையாக மாட்டிக்கொண்டேன்.

பவானியில் சித்தப்பா மகள் வீட்டிலேயே ஆல்பம் வேலை செய்கிறாள். பழைய லேப்டாப்பில் உபுண்டு போட்டுக் கொடுத்தது நான்தான். முகூர்த்த மாசம், ராத்திரி ஒன்பது மணிக்குப் போன். பிரிண்ட் கொடுத்தால் எதுவும் நடக்கவில்லை. "வரிசை நிரம்பியிருந்தால் அச்சாகாது, முதலில் வரிசையைப் பாருங்கள்" என்று என் குறிப்பிலேயே படித்திருக்கிறாள். பிரவுசரில் 631 போர்ட்டைத் திறந்து பார்த்தால் காத்திருக்கும் வேலை ஒன்றுகூட இல்லை. பிரிண்டரை அணைத்துப் போட்டு, யூஎஸ்பி வயரை மாற்றி, டிரைவரை அழித்து மறுபடி ஏற்றி, கடைசியில்தான் எனக்குக் கூப்பிட்டாள்.

"வரிசைல ஒண்ணுமே இல்லீங்கண்ணா, அப்புறம் எப்படி நெரம்பும்?"

கேள்வி நியாயம்தானே. டிஸ்க்கைப் பார்க்கச் சொன்னேன், 100 சதம். வார் அடைவுக்குள் (ஃபோல்டர்) ஸ்பூல், அதற்குள் கப்ஸ். அதைச் சாதாரணப் பயனராகத் திறக்க முடியாது, நிர்வாகி உரிமை தரும் சூடோ போட்டால்தான் காட்டும். உள்ளே 3 ஜிபிக்கு மேல் கிடந்தது, அத்தனையும் அன்று காலையிலிருந்து அச்சாகி முடிந்த ஆல்பப் பக்கங்கள்.

அச்சு முடிந்த கோப்பைக் கப்ஸ் உடனே அழிப்பதில்லை. பிரிசர்வ்ஜாப்ஃபைல்ஸ் என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 86400 விநாடி, அதாவது ஒரு நாள். அதே பக்கத்தைத் திரும்ப எடுக்க அது உதவும். ஆனால் ஏற்கெனவே விளிம்பில் நின்ற டிஸ்க்கில், பெரிய படங்களாக நாள் முழுக்க அடித்தால் இப்படித்தான் ஆகும். கேன்சல் கட்டளையை ஏ, எக்ஸ் இரண்டு குறியோடும் கொடுத்ததும் எல்லாம் காலி. எக்ஸ் இல்லாவிட்டால் கோப்புகள் போகாது. அப்புறம் கப்ஸ்டி.கான்ஃப் கோப்பில் அந்த அமைப்பை "நோ" ஆக்கிக் கப்ஸை மறுதொடக்கம் செய்தோம். பத்து நிமிஷ வேலை. அவள் மூன்று மணி நேரம் அலைந்தது என் ஒரு சொல்லால்.

வரிசை என்பது முறை: எது முன்னால், எது பின்னால். வேலைக்கு 1 முதல் 100 வரை முன்னுரிமை கொடுக்கலாம், முறை மாறும், கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். ஸ்பூல் என்பது அந்த இடம், அதில் சேர்த்து வைத்த சரக்கு. அவள் வீட்டில் வரிசை காலி, ஸ்பூல் நிறைந்து வழிகிறது.

ஸ்பூல் என்றாலே நூல் சுற்றும் கட்டைதானுங்க. அதைப் பெரிய பெயரின் முதலெழுத்துகள் என்று விரிப்பதும் உண்டு. எனக்கு நூல்தான் பிடிக்கிறது, சென்னிமலைக்காரன் வேறென்ன சொல்வேன். எங்கள் அம்மிச்சி திண்ணையில் ராட்டையில் தார் (ஊடை நூல் சுற்றிய குச்சி) சுற்றிச் சுற்றிக் கூடையில் போடும். அப்புச்சி தறியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாய் எடுத்து, பாவுக்குள் குறுக்கே ஓடும் நாடாவில் மாட்டுவார். இரண்டு பேரும் ஒரே வேகத்தில் ஓட வேண்டியதில்லை. தறி நின்றாலும் ராட்டை ஓடும், அம்மிச்சி சோறாக்கப் போனாலும் தறி ஓடும். ஸ்பூல் வந்ததும் இதற்குத்தான். மென்பொருள் படபடவென்று தள்ளிவிட்டுத் தன் வேலைக்குப் போய்விடும், பிரிண்டர் தன் வேகத்தில் எடுத்துக்கொள்ளும்.

என் பரிந்துரை: அச்சுத்தார். வினை, தார் சுற்றுதல். ஸ்பூலர், தார்சுற்றி. ஸ்பூல் அடைவு, தார்க்கூடை. நான்கும் ஒரே வேரில் வருகின்றன. "சுருள்" என்று முன்பு ஒருவர் சொன்னார், அதை வைத்து வினை கட்டிப் பாருங்கள், வாயில் நிற்காது.

—

திருப்பூரிலிருந்து:

தம்பி, எங்க பனியன் கம்பெனிப் பக்கம் தார்னா யாருக்குங்க தெரியும்? எங்களுக்கு எல்லாம் கோன் நூல்தான். என் மகன்கிட்ட "தார்"னு சொன்னேன், ரோட்டுக்குப் போடறதானு கேக்கறான். கோபிக்காரங்ககிட்டச் சொன்னா வாழைத்தாரானு கேப்பாங்க. இன்னொண்ணு, நெய்யறப்பத் தார் தீர்ந்துபோகும், குச்சிதானே மிஞ்சும். உங்க தங்கச்சி வீட்ல அடிச்சு முடிச்ச கோப்பு அப்படியே கூடைல கெடந்துச்சே?

—

சென்னிமலையிலிருந்து:

அக்கா, கடைசியாகச் சொன்னது சரியான அடி. உவமை அங்கே உதைக்கிறது, மறைக்க மாட்டேன். கணினியில் எடுப்பது நகல், நூல் அப்படியே இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் ஸ்பூல் என்று வைத்தவருக்கும் அதே ஓட்டைதானுங்களே.

ரோட்டுத் தார், வாழைத்தார் குழப்பத்துக்காகத்தான் முன்னால் "அச்சு" சேர்த்தேன்.

—

குமாரபாளையத்திலிருந்து, ஓய்வு பெற்ற தறிக்காரர்:

தம்பிக்கு வணக்கம். அச்சுத்தார்னு படிச்சதும் சிரிச்சிட்டேன். தறில அச்சுன்னா என்னன்னு உங்க அப்புச்சி சொல்லித் தரலீங்களா? பாவு இழை நுழையற சீப்புதான் அச்சு. அச்சு வேற, தார் வேற. ரெண்டையும் ஒட்ட வெச்சா நெசவாளி ஒருத்தனுக்கும் புரியாது. ஒண்ணு அச்சை எடுங்க, இல்லாட்டி தாரை எடுங்க.

—

சென்னிமலையிலிருந்து:

அய்யா, தலை குனிஞ்சு ஒத்துக்கறேனுங்க. தறி வீட்டில் பிறந்தவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

அச்சை எடுத்துவிடுகிறேன். வெறும் "தார்" போதும், அதுதான் சரியும்கூட. அந்த ஸ்பூல் அடைவுக்குள் கப்ஸ் மட்டும் இல்லை, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான், அஞ்சல் எல்லாம் குடியிருக்கின்றன. அச்சுத்தார் என்று வைத்திருந்தால் அஞ்சலுக்கு என்ன செய்திருப்போம்? பிரிண்டர் பற்றிய குறிப்பில் "தார்க்கூடை நிறைந்துவிட்டது" என்று படிப்பவர் ரோட்டைப் பார்க்க மாட்டார்.

அக்கா, உங்கள் மகனைப் போன்றவர்களுக்காக முதல் முறை வரும் இடத்தில் மட்டும் "ஸ்பூல் எனப்படும் தார்" என்று எழுதுகிறேன். க்யூ "வரிசை"யாகவே இருக்கட்டும், அதில் சண்டை இல்லை.

என் குறிப்பில் "வரிசை" 14 இடத்தில் வருகிறது. எண்ணிப் பார்த்தேன், 5 இடம் உண்மையில் தார். திருத்திய கோப்பை இணைத்திருக்கிறேன். ஒன்பதாவது பத்தியில் மட்டும் எது என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது, யாராவது பார்த்துச் சொல்லுங்க.