கூடு மான் கொம்புப் பிடி விலகுது, யோசனை சொல்லுங்க

டர்பனிலிருந்து வணக்கம். கத்தி செய்யும் அண்ணன்மார் யாராவது வழி சொல்லணும். கத்தி 4 மி.மீ. என்690 துருப்பிடிக்காத எஃகு, ஃபுல் டேங் (எஃகு பிடியின் முனை வரை ஓடும்). இரண்டு பக்கமும் கூடு (ஆப்பிரிக்க மான் வகை) கொம்பு, 5 மி.மீ. பித்தளைப் பின் இரண்டு, 24 மணி நேர எபாக்ஸி பசை. இங்கே இருந்தவரை மயிரிழை இடைவெளி இல்லை. கத்தி ஜோகன்னஸ்பர்க் போன ஆறு வாரத்தில், பிடியின் பின்முனையில் எஃகுக்கும் கொம்புக்கும் நடுவே நகம் நுழையுது.

கொம்பு நம்ம நகம் மாதிரி கெரட்டின்தான். ஈரம் குடிச்சா உப்பும், காய்ஞ்சா சுருங்கி வளையும். கடற்கரை ஈரத்திலிருந்து ஹைவெல்ட் (ஜோகன்னஸ்பர்க் இருக்கிற மேட்டுநிலம்) குளிர்கால வறட்சிக்குப் போனது ஒரு காரணம். 60 நம்பர் உப்புத்தாள் போட்டு, அசிட்டோனில் துடைச்சுத்தான் ஒட்டினேன். ஆனா கிளாம்பை ரொம்ப முறுக்கிட்டேன். பசை முழுக்க வெளியே வழிஞ்சு, உள்ளே படலமே நிக்காம போயிருக்கலாம். உப்புத்தாள் பெல்ட் மெஷினில் தேய்க்கும்போது ஏறின சூடும் எபாக்ஸியை இளக்கியிருக்கும்.

கொம்பைச் சூடாக்கித் தட்டையாக்கின பிறகு எத்தனை மாசம் காயவிடுறீங்க? எஃகுக்கும் கொம்புக்கும் நடுவில் 1 மி.மீ. ஃபைபர் லைனர் (மெல்லிய தகடு) வைச்சா அசைவைத் தாங்குமா? மூணாவது பின்னை முனையிலிருந்து 12 மி.மீ.யில் போட்டா கொம்பு விரிசல் விடுமா?

காட்டு ஒலிவ மரத்துக்கு மாறச் சொல்லாதீங்க. கொம்பின் கருப்புக்குள்ளே தேன் நிறத்தில் ஓடுற அந்த வரி எந்த மரத்திலும் வராது.