நடுவில் நின்ற கார், முன்னும் பின்னும் அடி, ஒன்-வே இன்சூரன்ஸ்: இனி என்ன செய்வது?

உப்புறோட்டு எழுதியது:

கனடாவின் ஸ்காபரோவில் நேற்றுப் பின்னேரம், மைனஸ் 14. சிவப்பு லைட்டில் முன்னால் ஒரு எஸ்யூவி நின்றது. அதற்குப் பின்னால் எங்கடை 2019 டொயோட்டா கொரோல்லா. பின்னால் வந்த வான் ஐஸில் பிரேக் பிடிபடாமல் இடித்தது. கொரோல்லா தள்ளுப்பட்டுப் போய் முன்னால் நின்ற எஸ்யூவியில் முட்டியது. ஏர்பேக் விரியவில்லை. ஒருவருக்கும் காயம் இல்லை. முன் பம்பர் வெடித்திருக்கு, பின் ட்ரங்க் பூட்டுப்படுகுதில்லை.

1. பொலிசி ஒன்-வே, அதாவது சொந்தக் காரின் சேதத்துக்கான கொலிஷன் பகுதி எடுக்கவில்லை. ஏதும் கிடைக்குமா?
2. வான்காரர் "ஐஸ்தானே, ஒருவரின் பிழையும் இல்லை, 2,000 டொலர் கையில தாறன், இன்சூரன்ஸுக்குப் போகாதேங்கோ" என்கிறார்.
3. டோ ட்ரக்காரர் காரை ஒரு கராஜில் விட்டுவிட்டுப் போனார். இன்சூரன்ஸ் வேறு கராஜ் சொல்லுது.
4. கார் ஸ்டார்ட் ஆகுது. திருத்தும்வரை வேலைக்குக் கொண்டுபோகலாமா?

மார்க்கம்வாசி எழுதியது:

ஐஸ் எண்டா 50-50 தான் போடுவாங்கள். 2,000ஐ வாங்கிக்கொண்டு விடுங்கோ.

க்ளெய்ம்கணக்கு எழுதியது:

மார்க்கம்வாசி, 50-50 என்பது கடைக்கதை. ஒன்ராறியோ மாகாணத்தில் யாரில் பிழை என்பதை இன்சூரன்ஸ் தீர்மானிப்பது 668ஆம் இலக்க ஒழுங்குவிதிப்படி. காலநிலை, றோட்டு நிலை, பார்வைத்தூரம் எதையும் கணக்கில் எடுக்கக்கூடாது என்று அந்த விதியிலேயே எழுதியிருக்கு. வான் ஐஸில் சறுக்கி வந்தாலும் ஒன்றுதான், ஓட்டினவர் போன் பார்த்துக்கொண்டு வந்தாலும் ஒன்றுதான்.

உப்புறோட்டு, உங்கடை விசயம் ஒரே கேள்வியில் தங்கியிருக்கு: இடிபட்ட நேரம் கொரோல்லா நின்றதா, ஊர்ந்ததா? மூன்று வண்டிச் சங்கிலி மோதலில் கடைசி வண்டி மட்டும் ஓட்டத்தில் இருந்தால் பிழை முழுக்க, 100 வீதமும், அதற்குத்தான். நடு வண்டிக்கும் முன் வண்டிக்கும் பூச்சியம். மூன்றுமே ஓட்டத்தில் இருந்திருந்தால், முன் வண்டியோடு பட்ட மோதலுக்கு நடுவில் வந்தவரின் தலையில் 50 வீதம் விழும். லைட் பச்சையாகி ஒரு அடி அரக்கியிருந்தாலும் இந்தச் சிக்கல் வரலாம்.

ஆகவே அட்ஜஸ்டர் (க்ளெய்மைப் பார்க்கும் இன்சூரன்ஸ் ஆள்) போனில் கேட்கும்போது சொல்லைப் பார்த்து விடுங்கோ. முழுக்க நின்றிருந்தால் "நின்றது, பிரேக்கில் கால் இருந்தது" என்று அப்படியே சொல்லுங்கோ. "நிப்பாட்டிக்கொண்டிருந்தன்" என்ற ஒரு சொல் கோப்பில் ஏறினால் பிறகு எடுக்கிறது கஷ்டம். நிற்கவில்லை என்றால் நின்றது என்று சொல்லவும் வேண்டாம். இடிக்கு முந்தின சில விநாடி வேகம் காரின் கம்பியூட்டரிலேயே பதிவாகியிருக்கக்கூடும். டாஷ்காம் இருந்தால் கார்டை இன்றைக்கே கழற்றி வையுங்கோ. அது பழையதற்கு மேல் புதிதை எழுதிக்கொண்டே போகும்.

ஒன்-வே பற்றி: பலருக்குத் தெரியாதது இதுதான். பிழை உங்களில் இல்லாத பங்குக்கு, உங்கள் சொந்த இன்சூரன்ஸே திருத்தக் காசு தரும். அதற்குப் பெயர் டைரக்ட் கொம்பன்சேஷன், சுருக்கமாக டிசிபிடி. கொலிஷனோடு அதற்குச் சம்பந்தமில்லை. விபத்து ஒன்ராறியோவில் நடந்திருக்க வேணும், மற்ற வண்டிகளில் ஒன்றாவது இங்கத்தை இன்சூரன்ஸில் இருக்க வேணும். ஆனால் 2024 ஜனவரி 1இலிருந்து இதை வேண்டாமென்று விடவும் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஓபிசிஎஃப் 49 என்ற படிவத்தில் கையெழுத்து வைத்திருந்தால் உங்கள் இன்சூரன்ஸும் தராது, வான்காரரின் இன்சூரன்ஸும் தராது. மலிவாக முடித்துத் தருகிறேன் என்று புரோக்கர் போட்டுவிட்ட பொலிசிகளில் இது ஒளிந்திருக்கும். இன்சூரன்ஸ் சேர்ட்டிபிகேட்டை எடுத்து டிசிபிடி வரிக்கு நேரே பிரீமியம் இருக்கா, டிடக்டிபிள் (நீங்கள் கையால் கட்டும் பங்கு) எவ்வளவு என்று பாருங்கோ. பெரும்பாலும் டிடக்டிபிள் பூச்சியமாக இருக்கும்.

2,000 டொலரை வாங்காதேங்கோ. மூன்று வண்டிச் சேதமும் சேர்த்து 5,000 டொலருக்கு மேல் என்று தெரிந்தால் பொலிஸில் அறிவிக்க வேணும். 2025 ஜனவரிக்கு முதல் அந்த எல்லை 2,000ஆக இருந்தது. காயம் இல்லாதபடியால் கொலிஷன் ரிப்போர்ட்டிங் சென்ரருக்கு (விபத்தைப் பதியும் இடம்) போனால் போதும். கொண்டுபோக வேண்டியது: லைசன்ஸ், ஓனர்ஷிப், இன்சூரன்ஸ் சீட்டு, ஓடக்கூடியதென்றால் கார். தள்ளிப்போடாமல் இன்றைக்கே போங்கோ. இன்சூரன்ஸுக்கு ஏழு நாளுக்குள் சொல்ல வேணும். உங்களில் பிழை இல்லாத க்ளெய்முக்காக பிரீமியத்தைக் கூட்ட இங்கே சட்டம் விடாது. அந்தப் பயத்தில் கைக்காசு வாங்க வேண்டாம்.

நாளைக்குக் கழுத்து பிடித்தால் அதையும் சொந்த இன்சூரன்ஸுக்கே சொல்லுங்கோ. அவர்கள் அனுப்பும் ஓசிஎஃப்-1 என்ற காயத்துக்கான விண்ணப்பப் படிவத்தைக் கிடைத்து 30 நாளுக்குள் நிரப்பிக் கொடுக்க வேணும்.

தகரவேலை எழுதியது:

நான் நாலாவது கேள்விக்கு வாறன். ட்ரங்க் பூட்டாத காரை வேலைக்குக் கொண்டுபோகாதேங்கோ. மழை, பனி உள்ளே வரும் என்பதற்காக மட்டும் இல்லை. பின் இடியில் சைலன்சர் தொங்கும் ரப்பர் கழன்று குழாய் முன்னுக்குத் தள்ளுப்பட்டிருக்கும். குளிருக்குக் கண்ணாடி எல்லாம் மூடி ஓடும்போது புகை ட்ரங்க் இடைவெளியால் உள்ளே வரும். காபன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை.

அடியில் என்ன ஒழுகுது என்று பார்க்க பனியை விட நல்ல காகிதம் கிடையாது. காரைச் சுத்தமான பனிக்கு மேல் அரை மணித்தியாலம் விட்டு, எடுத்துவிட்டுக் குனிந்து பாருங்கோ. நீலம் என்றால் கண்ணாடி கழுவும் தண்ணி, பெரிய விசயம் இல்லை. ரோஸ் நிறம் என்றால் டொயோட்டாவின் கூலன்ட்: ரேடியேட்டர் போய்விட்டது, எஞ்சினைப் போடவே வேண்டாம்.

பின்பக்கம்: ட்ரங்க் ஏன் பூட்டுப்படவில்லை என்று கேளுங்கோ. கீழே கொளுவி இருக்கும் பின் தகடு உள்ளே போயிருக்கும். சில கராஜில் அந்தக் கொளுவியை இரண்டு நட்டு இளக்கி அரக்கிவிட்டு "பூட்டுது பாருங்கோ" என்பார்கள். தகடு வளைந்தபடியே இருக்கும். நீங்களே பார்க்கலாம்: ட்ரங்க் கார்ப்பெட்டைத் தூக்கி, ஸ்பெயர் ரயர் வைக்கும் குழியைச் சுற்றி டோர்ச் அடியுங்கோ. தகரம் சுருங்கி அலை அலையாக இருந்தால், மூட்டில் பூசிய சீலர் வெடித்து முடி மாதிரிக் கோடு ஓடினால், அது பம்பர் மாற்றுற வேலை இல்லை, ஃபிரேம் அளக்கிற வேலை. பின் கதவுக்கும் அதற்குப் பின்னாலுள்ள பக்கத் தகட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை இடம், வலம் ஒப்பிட்டுப் பாருங்கோ. ஒரு பக்கம் விரல் நுனி போய் மற்றப் பக்கம் போகாவிட்டால் அதுவும் அதே கதைதான்.

முன்பக்கம்: பம்பர் பிளாஸ்டிக்கைக் கழற்றாமல் எழுதும் எஸ்டிமேட் அரைவாசிதான். அதற்குப் பின்னால் ஃபோம், இரும்புப் பட்டை, ஏசி கொண்டென்சர், பிறகு ரேடியேட்டர். கொண்டென்சர்தான் முதலில் அடி வாங்கும். குளிர்காலத்தில் அது ஒழுகினாலும் உங்களுக்குத் தெரியாது, இந்தக் குளிரில் கொம்பிரசர் வேலை செய்யாது. ஜூனில் ஏசி போடும்போது சூடான காற்று வரும், அப்போது க்ளெய்ம் மூடி ஐந்து மாதம் ஆகியிருக்கும். இப்பவே ஏசி பிரஷரைப் பார்த்து எழுதச் சொல்லுங்கோ.

முன் சின்னத்துக்குப் பின்னால் ராடார் இருக்கு. அதன் தாங்கி கொஞ்சம் கோணினாலும் கார் தானாகப் பிரேக் பிடிக்கிறது பிழையாகலாம். ஆகவே திருத்த முன்னும் பின்னும் கம்பியூட்டர் ஸ்கான் எடுத்த தாள், ராடார் கலிப்ரேஷன் (ராடாரைச் சரியான திசைக்கு அமைப்பது), நாலு சில்லு அலைன்மென்ட் மூன்றும் எஸ்டிமேட்டில் தனித்தனி வரியாக இருக்க வேணும். ஏர்பேக் விரியாவிட்டாலும் சீட் பெல்ட் டென்ஷனர் (இடியில் பெல்ட்டை இறுக்கும் கருவி) வெடித்திருக்கலாம். பெல்ட் இழுத்தால் வராமல் இறுகி நின்றால் அது மாற்ற வேண்டிய சாமான்.

கடைசியாக, எல்லாரும் மறக்கிறது துரு. பின் தகடு மாற்றினால் வெல்டிங் போடுவார்கள். வெளிப்பக்கம் பெயின்ட் வரும், உள்பக்கம் வெறும் தகரம். இந்த ஊரில் பனிக்கு றோட்டில் போடும் உப்பில் இரண்டு மூன்று விண்டரில் உள்ளுக்கிருந்து அரித்து வரும். உள்பக்கத்துக்கு மெழுகு அடித்தது என்று பில்லில் ஒரு வரி எழுதி வாங்குங்கோ.

உப்புறோட்டு எழுதியது:

நன்றி. கார் முழுக்க நின்றது, டாஷ்காமில் இருக்கு. ஓபிசிஎஃப் 49 இல்லை. கார்ப்பெட்டுக்குக் கீழே சுருக்கம் இருக்கு, சீலரும் வெடித்திருக்கு. அட்ஜஸ்டர் ரைட்-ஓஃப் (திருத்தாமல் காரின் விலையைத் தந்து முடிப்பது) ஆகலாம் என்கிறா. பின் சீட்டில் பிள்ளையின் கார் சீட் இருந்தது, பிள்ளை இல்லை. அந்த சீட்டை இன்னும் பாவிக்கலாம்தானே? எஸ்டிமேட்டில் ஏ/எம், எல்கேகியூ என்று இருக்கு, அது என்ன?

க்ளெய்ம்கணக்கு எழுதியது:

ஏ/எம் என்றால் வேறு கம்பனி செய்த புதுச் சாமான். எல்கேகியூ என்றால் உடைத்த காரில் கழற்றிய பழைய ஒரிஜினல். ஏழு வருசக் கதவுக்குப் பழைய ஒரிஜினல் நல்லதுதான், சில நேரம் புது ஏ/எம்மை விடப் பொருந்தும். ராடார் இருக்கும் முன் பம்பருக்கும் பெல்ட்டுக்கும் புது ஒரிஜினல் கேளுங்கோ.

கார் சீட்: பிள்ளை இல்லாவிட்டாலும் மோதலில் இருந்த சீட்டை மாற்றச் சொல்லித்தான் ட்ரான்ஸ்போர்ட் கனடா சொல்லுது. ரசீதோடு க்ளெய்மில் போடுங்கோ. பழையதைக் குப்பையில் போட முதல் வார்களை வெட்டிவிடுங்கோ, இல்லாட்டி யாரும் எடுத்துப் பாவிப்பார்கள்.

ரைட்-ஓஃப் என்றால் முதல் எண்ணுக்கு ஓம் சொல்லாதேங்கோ. அவர்கள் தருவது கார் இடிபட முந்தின நிமிடத்து விலை, அதோடு 13 வீத எச்எஸ்டி (விற்பனை வரி). எந்தக் கார்களோடு ஒப்பிட்டு அந்த விலை போட்டார்கள் என்ற அறிக்கையைக் கேட்டு வாங்கி, ட்ரிம்மும் (எல்இ, எஸ்இ போன்ற காரின் தரவகை) கிலோமீற்றரும் சரியா என்று பாருங்கோ. எல்இயை எஸ்இ என்றோ மற்றப்பக்கமாகவோ பதிந்திருப்பது அடிக்கடி நடக்கிற பிழை. அதே வருசம், அதே ட்ரிம், 20,000 கிலோமீற்றர் வித்தியாசத்துக்குள் ரொறொன்ரோப் பக்கம் விற்பனைக்கு இருக்கும் நாலைந்து விளம்பரத்தைப் படமெடுத்து அனுப்புங்கோ. விண்டர் ரயர், புது பிரேக், பற்றரி ரசீதும் சேருங்கோ. காரில் இப்ப விண்டர் ரயர்தானே இருக்கும்? வீட்டில் இருக்கும் சம்மர் ரயரையும் கொடுக்க வேணுமா என்று அவர்கள் கேட்க முதல் நீங்களே கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கோ. கடைசிவரை ஒத்துவராவிட்டால் இன்சூரன்ஸ் சட்டம் 128ஆம் பிரிவில் மதிப்பீட்டாளர் வைக்கும் வழி இருக்கு, அதற்குச் செலவு உண்டு.

தகரவேலை எழுதியது:

கராஜ் விசயம் விடுபட்டுப் போச்சு. எங்கே திருத்துவது என்பது உங்கள் முடிவு. டோக்காரரும் சொல்லேலாது, இன்சூரன்ஸும் கட்டாயப்படுத்தேலாது. இன்சூரன்ஸ் சொல்லும் கராஜில் ஒரு நன்மை: கழற்றின பிறகு கூடுதல் சேதம் வந்தால் மேலதிக எஸ்டிமேட் கெதியாக ஓகே ஆகும், வேலைக்கு உத்தரவாதமும் அவர்கள் தருவார்கள்.

ஆனால் கார் இப்ப நிற்கும் இடத்தில் ஒரு தாளிலும் கையெழுத்து வைக்காதேங்கோ. திருத்த அனுமதித் தாளை டோ தாளோடு சேர்த்து நீட்டுவார்கள். கார் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும். அட்ஜஸ்டரிடம் "இன்றைக்கே உங்கள் இடத்துக்கு எடுங்கோ" என்று ஈமெயில் போடுங்கோ, போனில் சொன்னது கணக்கில்லை. டோ பில் வரி வரியாகப் பிரித்துத் தர வேணும், கார்டிலும் கட்டலாம். உள்ளே இருக்கும் உங்கள் சாமானை வேலை நேரத்தில் காசில்லாமல் எடுக்க விட வேணும். கார் சீட், கராஜ் ரிமோட், 407 ட்ரான்ஸ்பொண்டர் (கட்டண நெடுஞ்சாலை 407க்குக் காரில் வைக்கும் கருவி), டாஷ்காம். ட்ரான்ஸ்பொண்டரை விட்டுவிட்டு வந்தால் அந்தக் கார் டோ ட்ரக்கில் 407இல் போனாலும் பில் உங்களுக்கு வரலாம்.

வாடகைக் கார் டிசிபிடியிலேயே வரும். நாளுக்கு எவ்வளவு, எந்தத் திகதிவரை என்று எழுத்தில் கேளுங்கோ. ரைட்-ஓஃப் விலை சொன்ன சில நாளிலேயே அதை நிப்பாட்டுவார்கள், நீங்கள் விலை பேசிக்கொண்டிருந்தாலும்.