கிராமப்புற கவுன்ட்டியில் வாரண்டு நகல் கேட்டு வாங்கியவர்கள் இருக்கிறீர்களா?

கரிசல்காடு

மேற்கு டெக்சஸ். எந்த கவுன்ட்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) என்பது வேண்டாம். 2018இல் ஐ-20 நெடுஞ்சாலையில் வேகத்துக்காக ஒரு அபராத டிக்கெட். நடுவில் வீடு மாறினேன், கோர்ட் அனுப்பிய கடிதமெல்லாம் பழைய விலாசத்துக்கே போயிருக்கிறது. 2021இல் லைசென்ஸ் புதுப்பிக்கப் போனால் தடை இருக்கிறது என்றார்கள். இதுவரை நடந்தது இங்கே பலருக்கும் நடந்ததுதான்.

ஜேபி கோர்ட்டுக்கு (ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ், சின்ன வழக்குகளுக்கான கோர்ட்) போன் செய்தேன். "லாஸ்ட் நேம்?" என்று கேட்டார்கள். பழக்கத்தில் என் பெயரையே எழுத்துக் கூட்டிச் சொன்னேன். தேடிப் பார்த்துவிட்டு, "உங்கள் பேரில் ஒன்றும் இல்லை, வாரண்டும் இல்லை" என்றார்கள். அதை நம்பி இரண்டு வாரம் தினமும் வேலைக்குக் கார் ஓட்டினேன். லைசென்ஸ் ஆபீஸில் மறுபடியும் தடை என்றதும்தான் உறைத்தது. மறுநாளே லீவு போட்டு, நாலரை மணி நேரம் ஓட்டி நேரில் போனேன்.

கோர்ட்டுக்குப் பின்னால் சின்னக் கட்டடம், ஒரே ஒரு கவுன்ட்டர். வயதான அம்மா ஒருவர் என் லைசென்ஸை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, அதில் இருந்தபடியே தட்டினார். அப்புறம் திரையைப் பார்த்து என் அப்பாவின் பெயரை உரக்கப் படித்தார். மூன்று துண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டையும் தப்பாக. "இது நீங்கள்தானே?" என்றார்.

அப்பா 2016இல் போய்விட்டார். ஒரு நொடி பேச்சே வரவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன்.

நகல் எடுத்துக் கொடுத்தார், இரண்டு பக்கம். முதல் வரியில் அப்பா பெயர் பெரிய எழுத்தில், ஒரு காற்புள்ளி, பிறகு என் பெயர். அதற்குக் கீழே, இவரைக் கைது செய்து ஆஜர்படுத்த வேண்டும் என்ற உத்தரவு. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர், ஒரு நாள் போலீஸ் ஸ்டேஷன் படி மிதித்ததில்லை. அபராதத்தைக் கட்டினேன், வாரண்டை ரத்து செய்தார்கள், லைசென்ஸும் வந்துவிட்டது. அந்தத் தாளைத்தான் இன்னும் என்னால் முழுதாகப் படிக்க முடியவில்லை.

உங்களில் யாருக்காவது பெயரால் இப்படி ஆகியிருக்கிறதா?

தாமிரபரணி72

படித்ததும் மனசு கனத்துவிட்டது. எனக்கு நடந்தது வேறு மாதிரி, ஆனால் இதே வாரண்டு விஷயம்தான்.

அயோவாவில், சோளக்காட்டுக்கு நடுவே ஒரு ஊரில் இருந்தோம். அம்மா பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்த நேரம். ராத்திரி ஏழரைக்கு என் கணவருக்குப் போன். ஷெரிப் ஆபீஸ் டெபுட்டி, அதாவது கவுன்ட்டி போலீஸ் அதிகாரி, என்று சொன்னான். ஜூரி டூட்டிக்கு (கோர்ட்டில் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவில் உட்கார) வரவில்லை, வாரண்டு இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்குள் கிஃப்ட் கார்டு வாங்கி நம்பர் சொல்லாவிட்டால் வீட்டுக்கு வருவோம் என்றான். எங்கள் தெருப் பெயர்கூட அவனுக்குத் தெரிந்திருந்தது. ஜூரிக்குக் குடிமக்களைத்தான் எடுப்பார்கள் என்பதும், நாங்கள் கிரீன் கார்டுதான் என்பதும் அந்தப் பதற்றத்தில் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அம்மா தன் கையிலிருந்த வளையல் நாலையும் கழற்றி டைனிங் டேபிளில் வரிசையாக வைத்திருந்தார். "இதை வித்துக் கட்டிடுங்க, மாப்பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிடப் போறாங்க." சோப்புப் போட்டு இழுத்ததில் மணிக்கட்டு சிவந்து கிடந்தது.

அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. கவுன்ட்டியின் சொந்தத் தளத்தில் ஷெரிப் ஆபீஸ் நம்பரை எடுத்து நானே கூப்பிட்டேன். அங்கே போனை எடுத்த பெண், "நாங்கள் பணம் கேட்டுக் கூப்பிடுவதே இல்லை" என்றார். அப்படியும் மனம் ஆறாமல், மறுநாள் அயோவா கோர்ட்டுகளின் தளத்தில் கணவர் பெயரைப் போட்டுத் தேடினேன். இலவசம்தான். ஒன்றும் இல்லை. அதை அச்செடுத்து அம்மா கையில் கொடுத்த பிறகுதான் அவர் வளையலைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

பனிமலை

கரிசல்காடு, மன்னிக்கவும், நீங்கள் செய்தது பெரிய ஆபத்து. வாரண்டு இருக்கலாம் என்று தெரிந்தும் அந்தக் கவுன்ட்டருக்கு எப்படி நேரில் போனீர்கள்? இதைப் படித்துவிட்டு நாலு பேர் அப்படியே கிளம்பிவிடுவார்கள்.

2015இல் என் அறை நண்பருக்குச் செக் திரும்பிய வழக்கு, டெக்சஸில் ஒரு சின்ன கவுன்ட்டி. விசாரிக்கப் போனார். கிளார்க் "உட்காருங்கள்" என்று சொல்லி உள்ளே போனார், வெளியே வந்தது டெபுட்டி. நான் பார்க்கிங்கில் அவருடைய லேப்டாப் பையை வைத்துக்கொண்டு ராத்திரி வரை நின்றேன்.

ஆகவே, எங்கே எதைக் கேட்பது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கவுன்ட்டிக்குள் ஒரே இடத்தில் எல்லாம் இருக்காது. டிக்கெட் மாதிரி அபராத வழக்குகள் ஜேபி கோர்ட்டில். நகர எல்லைக்குள் நகர போலீஸ் கொடுத்தது என்றால் முனிசிபல் கோர்ட், அதன் பதிவு கவுன்ட்டியில் தேடினால் கிடைக்காது. கொஞ்சம் பெரிய குற்றங்கள் கவுன்ட்டி கிளார்க்கிடம், ஃபெலனி (கடுமையான குற்றம்) என்றால் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம். வாரண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆளைத் தேடுவது ஷெரிப். ஃபெடரல் வழக்குகள் இவை எதிலுமே வராது. அதற்குப் பேசர் தளம், பக்கத்துக்கு 10 சென்ட். டெக்சஸில் மட்டும் 254 கவுன்ட்டிகள். பெரிய கவுன்ட்டிகளில் தளத்திலேயே தேடலாம், சின்ன இடங்களில் போனும் தபாலும்தான் வழி.

அடுத்து, பொதுத் தகவல் சட்டப்படி ஷெரிப் ஆபீஸுக்கு எழுத்தில் கேட்கலாம். 10 வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்ற கணக்கு அதற்குத்தான். கோர்ட்டின் கோப்புகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, கிளார்க்கிடமே கேட்க வேண்டும். இதைக் கலந்து எழுதினால் மனு அப்படியே திரும்பி வரும். இன்னொன்று, வாரண்டும் அதற்கு ஆதாரமான பிரமாணப் பத்திரமும் கைது நடந்த பிறகுதான் யார் கேட்டாலும் காட்டியாக வேண்டிய தாள்கள் ஆகின்றன. அதற்கு முன்னால் அடுத்தவர் வாரண்டைக் கேட்டால் மறுக்கலாம். எஃப்பிஐ வைத்திருக்கும் என்சிஐசி என்ற நாடு தழுவிய குற்றத் தகவல் பட்டியல் போலீஸுக்கு மட்டும், நமக்குக் கிடையாது. காசு வாங்கிக்கொண்டு "எல்லா வாரண்டும் இங்கே" என்று சொல்லும் தனியார் தளங்களை நம்பவே நம்பாதீர்கள். பழைய தகவலை வைத்திருப்பார்கள், ரத்தானது அதில் தெரியாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், அந்த ஊர் வக்கீல் ஒருவரை வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். அந்தச் செலவைப் பார்க்காதீர்கள்.

நெய்தல்

பனிமலை, உங்கள் நண்பர் வழக்கு வேறு, இது வேறு. செக் வழக்கு பெரும்பாலும் திருட்டுப் பிரிவில் வரும். கரிசல்காட்டினுடையது அபராதம் மட்டும் உள்ள டிக்கெட். அதில் ஆஜராகாததற்கு வந்த வாரண்டு என்றால், கைதாவதற்கு முன் நாமாக வந்து தீர்க்க உண்மையாக முயன்றால் நீதிபதி அதைத் திரும்பப் பெற வேண்டும் என்று டெக்சஸில் 2017இல் சட்டமே போட்டார்கள். "நேரில் போகாதே" என்று பொதுவாகச் சொன்னால் பயந்துபோய் வருஷக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். என் தம்பி நாலு வருஷம் விட்டான். ஊரில் அம்மாவுக்கு ஆபரேஷன் என்றபோதுகூட ஏர்போர்ட்டில் பிடிப்பார்களோ என்று பயந்து டிக்கெட் போடவில்லை. கடைசியில் அது 200 டாலர்கூட இல்லாத அபராதம்.

பனிமலை

சட்டம் இருக்கலாம். அந்த கவுன்ட்டரில் அன்றைக்கு உட்கார்ந்திருப்பவர் அதைப் படித்திருக்க வேண்டுமே. பார்க்கிங்கில் நின்றவன் நான். அதனால்தான் சொல்கிறேன்.

ஹூஸ்டன் அத்தை

சண்டை வேண்டாம் பிள்ளைகளா. இரண்டு பேரும் நல்லதுக்குத்தான் சொல்கிறீர்கள்.

என் அண்ணன் மகன் மாணவ விசாவில் இருந்தான். 2025 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான மாணவர்களின் செவிஸ் பதிவை (வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவு) நிறுத்தினார்களே, அதில் இவனும் ஒருவன். காரணம், வேறு மாநிலத்தில் ஒரு மலைக்கிராம கவுன்ட்டியில் 2022இல் போட்ட வழக்கு. அது எப்போதோ தள்ளுபடியாகிவிட்டது. ஆனால் அதற்கான தாள் எங்கள் கையில் இல்லை. வக்கீல் கேட்டது ஒன்றே ஒன்று: தீர்ப்பும், வாரண்டு திரும்பப் பெற்ற உத்தரவும், சான்றிட்ட நகலாக.

போனில் கேட்டால் கோப்பு அடித்தளத்தில் பெட்டியில் இருக்கிறது என்றார்கள். காத்திருக்க முடியாமல் நானும் அவனும் விடிகாலையிலேயே கிளம்பிப் போய்விட்டோம். பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை சாப்பாட்டுக்குப் பூட்டிவிட்டார்கள், படியில் உட்கார்ந்திருந்தோம். பிள்ளை ஒரு வாய் சாப்பிடவில்லை. ஒன்றரைக்குக் கிளார்க் பெட்டியோடு மேலே வந்தார். தாளை எடுத்து, இரும்பு முத்திரைக் கருவிக்குள் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினார். மை கிடையாது, தாளே புடைத்துக்கொண்டு நின்றது. அவன் அதன்மேல் விரலை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தான். காரில் வரும்போதும் தடவிக்கொண்டேதான் வந்தான்.

பதிவு திரும்ப வந்துவிட்டது. படிப்பையும் முடித்துவிட்டான்.

கரிசல்காடு

அத்தை, அந்தச் சான்றிட்ட நகல் பற்றி ஒன்று கேட்கணும். என்னிடம் இருப்பது முத்திரை இல்லாத சாதா நகல். சிட்டிசன்ஷிப் மனுவுக்கு அடுத்த வருஷம் போகலாம் என்று இருக்கிறேன். மறுபடி அந்த ஊருக்குப் போக வேண்டுமா?

ஹூஸ்டன் அத்தை

சின்ன டிராபிக் அபராதம், 500 டாலருக்குள், கைது கிடையாது, குடியும் இல்லை என்றால் அந்த மனுவுக்குப் பெரும்பாலும் தாள் இணைக்கச் சொல்ல மாட்டார்கள். ஆனால் உன்னுடையதில் வாரண்டு வந்திருப்பதால் வாங்கி வைத்துக்கொள் தம்பி. போக வேண்டாம், தபாலில் எழுது. வழக்கு எண், பிறந்த தேதி, உன் விலாசம் எழுதிய உறை, கட்டணத்துக்கு மணி ஆர்டர். பெயரை இரண்டு விதமாகவும் எழுது, அப்பா பெயர் முன்னால் ஒன்று, உன் பெயர் முன்னால் ஒன்று.

கரிசல்காடு

சரி அத்தை. இன்றைக்கே எழுதுகிறேன். அப்பா பெயரை முதலில் போட்டே எழுதுகிறேன்.