பத்மநாபபுரம் அரண்மனையில் தீப்பிடித்தால் தலைமை யாருடையது?

தக்கலைவாசி:
1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும், இந்த அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பிலேயே இருக்கிறது. ஆனால் ஆபத்து நேர்ந்தால் வண்டியோடு வரவேண்டியவர்கள் தமிழ்நாட்டுத் தீயணைப்பு வீரர்கள். அங்கே கட்டளையிடுபவர் யார்?

வேளிமலை:
ஐயா, 1985ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டப்படி, தீ எரியும் இடத்தில் பொறுப்பேற்கும் தீயணைப்பு அதிகாரியே ஆட்களை விலக்கலாம், தெருவை அடைக்கலாம், கதவையும் உடைக்கலாம். கட்டடம் யாருடையது என்பது அப்போது பொருட்டல்ல.

கோட்டைத்தெரு:
அதிகாரம் இருந்தால் மட்டும் போதாது, அண்ணாச்சி. உப்பரிகை மாளிகைக்கு ஏறும் மரப்படிகளில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். மேல்தளத்தில் சுவரோவியங்கள் இருப்பதால், அங்கே தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் தீ விட்டு வைத்ததையும் நீர் அழித்துவிடும். எந்த அறைக்கு எந்தச் சாவி, எங்கே நீர் கூடாது என்பதை நிலைய அலுவலர் அரண்மனை ஊழியர்களோடு முன்கூட்டியே நடந்து பார்த்திருக்க வேண்டும்.

தக்கலைவாசி:
மிக்க நன்றி. கூட்டு ஒத்திகை கேட்டு இரு துறைகளுக்கும் நாளையே மனு எழுதுகிறேன்.