புதுப்பிப்பு: சாவிக்கொத்து டார்ச் இப்போது மினுக்குவதில்லை

சாவிக்கொத்தில் மாட்டும் குட்டி டார்ச் வாங்கியதிலிருந்தே விட்டுவிட்டு எரிகிறது என்று கேட்டிருந்தேன். ஒரே ஒரு ஏஏஏ பேட்டரி, தலையைத் திருகினால் எரியும் வகை. யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் பேட்டரியை மாற்றினேன், பலனில்லை. மரையையும் குழாயின் விளிம்பையும் துடைக்கச் சொன்ன அண்ணனின் யோசனைதான் வேலை செய்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்ததும் பஞ்சு கறுத்துவிட்டது. இந்த வகையில் மின்சாரம் சாயம் பூசாத அந்த அலுமினிய விளிம்பு வழியாகத்தான் தலைக்குப் போகிறது. அங்கே பிசுக்கு சேர்ந்தால் மினுக்கும். அப்புறம் மரையில் மட்டும் துளி சிலிக்கோன் கிரீஸ். இப்போது அசைத்தாலும் தட்டினாலும் நிலையாக எரிகிறது. தேவனாம்பட்டினம் பக்கம் உப்புக்காற்றில் இருப்பவர்கள் அடிக்கடி துடைத்துவிடுங்கள்.

10440 என்ற லித்தியம் பேட்டரி போடச் சொன்னவருக்கு: அளவு ஏஏஏ போலத்தான், ஆனால் அது 3.7 வோல்ட். டார்ச்சோடு வந்த தாளில் 1.5 வோல்ட்தான் போட்டிருக்கிறது, அதனால் தொடவில்லை.

எதிர்பாராத ஒன்று: 1.2 வோல்ட் ரீசார்ஜ் பேட்டரியிலும் வெளிச்சம் குறையவில்லை. வெள்ளை எல்இடிக்கு ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும் என்பதால் உள்ளே இருக்கும் சர்க்யூட்டே மின்னழுத்தத்தை உயர்த்திக்கொள்கிறது. சாதாரண அல்கலைன் பேட்டரி போல ஒழுகும் பயமும் குறைவு. இனி அதுதான்.