மறு: ஸ்குவாட்ரன் பேட்சுக்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

விமானப்படையின் பிரிவான ஸ்குவாட்ரனில் இருப்பவர்கள் சீருடையில் மாட்டிக்கொள்ளும் சின்னம்தான் பேட்ச். அதற்குத் தமிழில் என்ன சொல் என்ற நம் பேச்சின் தொடர்ச்சி இது.

> 'ஒட்டு' என்றே வைத்துக்கொண்டால் என்ன? சின்னச் சொல்.

சின்னச் சொல்தான். ஆனால் ஒட்டுப் போட்ட சட்டை என்றாலே நமக்குக் கிழிசல்தானே நினைவுக்கு வருகிறது! விமானி பெருமையோடு தோளில் அணிவதை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

> 'இலச்சினை' போதாதா?

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஸ்குவாட்ரனுக்கு அதிகாரப்பூர்வமான சின்னம் ஒன்று உண்டு. வரையறுத்த சட்டகம், நடுவில் உருவம், கீழே குறிக்கோள் வாசகம். இந்திய விமானப்படையின் 18ஆம் ஸ்குவாட்ரனுக்கு அந்த வாசகம் 'தீவ்ர ஔர் நிர்பய': விரைவும் அச்சமின்மையும். 1971 போரில் ஸ்ரீநகருக்கு மேலே நாட் விமானத்தில் தனியாகப் போரிட்டு மாண்ட நிர்மல்ஜித் சிங் செகோன் இந்த ஸ்குவாட்ரன்காரர்தான். விமானப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே. மிக்-27 ஓட்டிக்கொண்டிருந்த ஸ்குவாட்ரனை 2016இல் நிறுத்தி, 2020இல் சூலூரில் தேஜஸ் போர்விமானத்தோடு மறுபடி எழுப்பினார்கள். விமானம், தளம், ஆட்கள் எல்லாம் மாறியும் 'பறக்கும் தோட்டாக்கள்' என்ற அதன் பெயர் நிலைத்தது. அந்த மரபைச் சுமப்பதற்குத்தான் இலச்சினை என்ற சொல் பொருந்தும்.

பேட்ச் அப்படியல்ல. விமானத்தின் படம், பறந்த மணிக்கணக்கு, உள்வட்டக் கிண்டல் என எதுவும் அதில் வரும். விமானம் மாறினால் அதுவும் மாறும். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் குழப்பம்தான்.

'தையற்சின்னம்' என்று போன மடலில் நானே எழுதினேன். இப்போது ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ பட்டை வந்துவிட்டதே, யார் தைக்கிறார்கள்? சோழரின் புலிப்பொறியை நினைத்து 'அணிப்பொறி' என்றும் யோசித்தேன். விமானக் கட்டுரையில் பொறி என்றால் வாசகர் எஞ்சினைத் தேடுவார். விட்டுவிட்டேன்.

எப்படி மாட்டினாலும் உருவத்தை வரைவது நூல்தான். அதனால் 'இழைச்சின்னம்'. ஆயிழை, சேயிழை என்பதில் இழைக்கு அணிகலன் என்றும் பொருள் உண்டு, அதுவும் சேர்ந்து வருகிறது. 'நூற்சின்னம்' என்றால் பதிப்பகத்துக்குப் போய்விடும். ரப்பரில் வார்த்தவையும் வருகின்றனவே என்பீர்கள். அவை ரப்பர் சின்னமாகவே இருக்கட்டும்.

ஸ்குவாட்ரனை இப்போதைக்குத் தொடவில்லை. 'படையணி' என்றால் தரைப்படை ரெஜிமென்டோடு மோதும்.

அப்புறம், ஸ்குவாட்ரனை நிறுத்திவிட்டு எண்ணை மட்டும் காத்து வைப்பதை 'நம்பர்பிளேட்' செய்வது என்கிறார்களே, அதற்கு யாரிடமாவது சொல் இருக்கிறதா? 'எண்காப்பு' என்று தோன்றியது. கையில் போடும் காப்பு மாதிரி ஒலிக்கிறது.